இரவு ஆன்ம சோதனை: இஞ்ஞாசியார் வழியில் தொடங்குவது எப்படி?

ஆன்ம சோதனை என்றதும் பலருக்கு நினைவு வருவது பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு) முன்னால் பத்துக் கட்டளைகளையும் வரிசையாக வைத்துப் பார்ப்பதுதான். அதுவும் வேண்டும். இங்கே சொல்லப்போவது அதுவல்ல, தினமும் இரவில் செய்யும் ஒரு செபம். இயேசு சபை என்ற துறவற சபையை நிறுவிய ஸ்பெயின் நாட்டுப் புனிதர் லொயோலா இஞ்ஞாசியார் தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் இதை ஐந்து படிகளாக வகுத்திருக்கிறார். அந்த நூலுக்குத் திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548-இல் ஒப்புதல் அளித்தார். இயேசு சபையினர் மதியமும் இரவும் என இரண்டு வேளை செய்வது வழக்கம். வேலை, வீடு, பிள்ளைகள் என்று ஓடுகிற நமக்கு இரவு ஒரு வேளை போதும்.

முதலில் இடம். படுக்கையில் சாய்ந்துகொண்டு செய்யாதீர்கள், இரண்டாவது படியிலேயே தூக்கம் வந்துவிடும். முதுகு நிமிர்ந்து உட்கார ஒரு நாற்காலி போதும். இதற்கென்று செல்போன் செயலிகள் இருக்கின்றன. என் கருத்து: வேண்டாம். செயலியைத் திறக்கப் போய் வாட்ஸ்அப்பில் முடியும். போனை வேறு அறையில் வைத்துவிட்டு, சின்ன நோட்டு ஒன்றும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்திலிருந்து பதினைந்து நிமிடம். அதற்கு மேல் நீட்ட வேண்டாம்.

படி 1: நன்றி. 'இந்த நாளுக்காக நன்றி ஆண்டவரே' என்று மொத்தமாகச் சொல்லிவிட்டு நகராதீர்கள். பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள். மதியம் பக்கத்து இருக்கைக்காரர் டப்பாவிலிருந்து எடுத்துவைத்த புளியோதரை, கூட்டமான பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்த கல்லூரிப் பையன். இரண்டு மூன்று போதும். இஞ்ஞாசியார் பாவத்தைப் பிறகுதான் எடுக்கிறார், நன்றியை முதலில் வைக்கிறார். இந்த வரிசையை மாற்றாதீர்கள். நம்மை நேசிப்பவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம் என்ற உணர்வு வந்தபிறகு குறையைப் பார்ப்பது வேறு, அது இல்லாமல் பார்ப்பது வேறு.

படி 2: ஒளி கேட்பது. தூய ஆவியாரிடம் ஒரே வரி: நீர் பார்ப்பதுபோல் என் நாளை நானும் பார்க்கச் செய்யும். சங்கீதம் 139-இன் கடைசி இரண்டு வசனங்கள் இதற்கென்றே எழுதியதுபோல இருக்கும்.

படி 3: நாளைத் திரும்பப் பார்ப்பது. எல்லோரும் சிக்கிக்கொள்வது இங்கேதான். நானும் வெகுநாள் இங்கேயே நின்றிருக்கிறேன். எழுந்தது முதல் மணிவாரியாக எண்ணம், சொல், செயல் எல்லாவற்றையும் பாருங்கள் என்கிறார் இஞ்ஞாசியார். அப்படித் தொடங்கினால் இரண்டே வழிதான் தெரியும்: குற்றப் பட்டியல் போடுவது, அல்லது 'இன்று பெரிதாக ஒன்றும் இல்லை' என்று எழுந்துவிடுவது.

இதற்குத் திறவுகோல் அவருடைய வாழ்க்கையிலேயே இருக்கிறது. 1521-இல் ஸ்பெயினின் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கி, லொயோலா வீட்டில் மாதக்கணக்கில் படுத்துக்கிடந்தார். வீரதீரச் சாகசங்களைக் கனவு காண்பார். அப்போது இனிக்கும், கனவு கலைந்ததும் மனம் வறண்டுபோகும். புனிதர்களைப்போல வாழ்வதை நினைத்துப் பார்ப்பார். அந்த மகிழ்ச்சி நினைப்பு முடிந்தபிறகும் தங்கியிருக்கும். இந்த வித்தியாசத்தைக் கவனித்ததிலிருந்துதான் அவருடைய ஆன்மிகம் முழுவதும் பிறந்தது. 1972-இல் அமெரிக்க இயேசு சபைக் குரு ஜார்ஜ் ஆஷன்பிரென்னர் எழுதிய கட்டுரையும் இதையே வலியுறுத்தியது: முதலில் பார்க்கவேண்டியது கடவுள் நம் உள்ளத்தை எப்படி அசைக்கிறார் என்பதை, செய்த தவறுகளின் எண்ணிக்கை அப்புறம்தான்.

ஆகவே மணிவாரியாகப் போகும்போது இப்படிக் கேளுங்கள்: எந்த இடத்தில் மனம் விரிந்தது? எந்த இடத்தில் சுருங்கியது? ஓர் எடுத்துக்காட்டு. மாலை ஆறு மணிக்குத் தங்கையிடமிருந்து போன். 'அப்புறம் பேசலாம்' என்று விட்டுவிட்டீர்கள். 'போனை எடுக்கவில்லை, தப்பு' என்று எழுதிவிட்டு நகர்ந்தால் ஒன்றும் பிடிபடாது. அந்த நொடியில் நில்லுங்கள். அவள் பெயரைத் திரையில் பார்த்ததும் என்ன வந்தது? எரிச்சலா, பணம் கேட்பாளோ என்ற பயமா, அவளுடைய வீட்டைப் பற்றிய பொறாமையா? அதை அப்படியே ஆண்டவரிடம் சொல்லுங்கள். தீர்ப்பு எழுத வேண்டாம், காட்டினால் போதும். இப்படி ஒரே ஒரு நிகழ்ச்சியில் நின்றாலும் அன்றைய ஆன்ம சோதனை நன்றாக நடந்தது என்றே சொல்வேன். நாள் முழுவதையும் முடித்தே ஆகவேண்டும் என்று ஓடாதீர்கள்.

படி 4: மன்னிப்பு. கண்டதற்காக வருந்தி மன்னிப்புக் கேளுங்கள். சாவான பாவம், அதாவது தெரிந்தே மனமொப்பிச் செய்த கனமான பாவம் என்றால் ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போகவேண்டும், இந்தச் செபம் அதற்கு மாற்று இல்லை.

படி 5: நாளை. 'இனி பொறுமையாக இருப்பேன்' என்பது காற்றில் போய்விடும். 'நாளைக் காலைக் கூட்டத்தில் அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசமாட்டேன், அதற்கு அருள் தாரும்' என்று கேளுங்கள். நோட்டில் எழுதுவது இந்த ஒரு வரியை மட்டும். இயேசு கற்பித்த செபத்தோடு முடியுங்கள்.

ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறதா? அதற்குத் தனிச் சோதனை என்று இன்னொரு முறை உண்டு. ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடுகள் போட்டு, விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி வைத்து, நாளோடு நாளை, வாரத்தோடு வாரத்தை ஒப்பிடச் சொல்கிறார் இஞ்ஞாசியார். விழுந்த அந்த நொடியிலேயே மார்பில் கை வைத்து வருந்தவும் சொல்கிறார். பக்கத்தில் ஆட்கள் இருந்தாலும் யாரும் கவனிக்காதபடி இதைச் செய்யலாம். ஆனால் தொடக்கக்காரர்கள் முதலில் மேலே சொன்ன ஐந்து படிகளில் நன்றாகப் பழகுங்கள்.

பிற்சேர்க்கை. இதைப் படித்தவர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்காக:

மூன்றாம் படிக்குப் பிறகு மனம் கனத்து, சொன்ன பாவத்தையே திரும்பத் திரும்பச் சொல்லத் தோன்றுகிறது என்றார் ஒருவர். இஞ்ஞாசியாரே மனம் மாறிய பிறகு ஸ்பெயினின் மன்ரேசா ஊரில் தங்கியிருந்தபோது இந்த வேதனையைக் கடுமையாக அனுபவித்தவர். அறிக்கையிட்ட பாவங்களையே மறுபடி மறுபடி அறிக்கையிட்டுத் தவித்தார். உங்களுக்கும் அப்படி என்றால் தனிச் சோதனையின் புள்ளிக் கணக்கை நிறுத்திவிடுங்கள். கொஞ்ச காலம் முதல் படியையும் ஐந்தாம் படியையும் மட்டும் செய்யுங்கள். ஒரே ஆன்ம குருவிடம் பேசுங்கள், பலரிடம் போகாதீர்கள். தூக்கமே போகிற அளவுக்கு இருந்தால் மனநல மருத்துவரையும் பார்க்கலாம், அது விசுவாசக் குறைவு ஆகாது.

மூச்சைக் கவனிக்கும் தியானம் செய்பவர்கள் இதுவும் அதுவும் ஒன்றா என்கிறார்கள். மனம் அடங்க இரண்டு நிமிடம் மூச்சைக் கவனித்துவிட்டுத் தொடங்கலாம், தடையில்லை. ஆனால் இங்கே எண்ணம் வந்து போவதைப் பார்த்துவிட்டு விடுவதோடு முடிவதில்லை, அதை ஒருவரிடம் எடுத்துச் சொல்கிறோம்.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, கத்தோலிக்கம் அல்லாத சபை) சகோதரி ஒருவர் நாங்களும் செய்யலாமா என்றார். தாராளமாக. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் ஆக்ஸ்போர்டு நாட்களிலிருந்தே நாட்குறிப்பில் தம்மை ஆராய்ந்து எழுதிவந்தவர்தான். கணவன் மனைவியாகச் செய்வதென்றால் முதல் படியை மட்டும் சத்தமாகச் சொல்லுங்கள். மற்றது அவரவர் மனதுக்குள். ஒருவர் நோட்டை மற்றவர் படிக்க வேண்டாம்.