ஒரே மாலையில் எழுத்தாளரும் தள்ளுபடி மேசையும்: மதுரையில் சிறிய புத்தகக் கடை நடத்துவோருக்கு

“எழுத்தாளர் சந்திப்பு, அன்று மட்டும் அனைத்து நூல்களுக்கும் 20 சதவீதம் தள்ளுபடி” என்று ஒரே அழைப்பிதழில் அச்சிட்டுவிட்டு, மறுநாள் கல்லாவை எண்ணும்போது முகம் சுருங்கும் கடைக்காரர்களை நான் அறிவேன், கடை தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகள் நானும் அவர்களில் ஒருவனாகவே இருந்தேன். எழுத்தாளரை அழைப்பதும் நல்ல காரியம், விலையைக் குறைப்பதும் நல்ல காரியம். ஆனால் இரண்டையும் ஒரே நூலின் மீது ஏற்றக் கூடாது. வந்திருப்பவரின் புதிய நூலை அச்சிட்ட விலைக்கோ, மிஞ்சினால் பத்து சதவீதம் குறைத்தோ விற்க வேண்டும்; பெரிய தள்ளுபடியை, அவருடைய பேச்சு வாசகரின் கையை எந்தப் பழைய நூல்களை நோக்கி நீட்ட வைக்குமோ அந்த நூல்களுக்கு வைக்க வேண்டும்.

கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். நூலின் விலை 300 ரூபாய், பதிப்பகம் நமக்குத் தரும் கழிவு 35 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு படிக்கு நம் கையில் நிற்பது 105 ரூபாய். நாற்காலி வாடகை, தேநீர், எழுத்தாளரின் பயணச் செலவு எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய் ஆகிறதென்றால், தள்ளுபடியே இல்லாமல் 29 படிகள் விற்றால்தான் செலவு ஈடாகும். பத்து சதவீதம் குறைத்தால் படிக்கு 75 ரூபாய்தான் மிஞ்சும், 40 படிகள் விற்க வேண்டும். இருபது சதவீதம் குறைத்தால் மிச்சம் 45 ரூபாய், 67 படிகள் விற்க வேண்டும். சிறிய கடையில் நாற்பது பேர் கூடினாலே கடை நிறைந்துவிடும், அவர்களில் பாதிப் பேர் நூலை வாங்கினால் அது நல்ல மாலை. ஆகவே புதிய நூல் மட்டும் அந்த மாலையின் செலவைத் தாங்காது என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, மீதிச் சுமையைப் பக்கத்து மேசையிடம் ஒப்படைக்க வேண்டும்.

பத்து சதவீதத்தையும் மறுத்துவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தமுக்கம் மைதானத்துப் புத்தகத் திருவிழாவில் பத்து சதவீதத்துக்குப் பழகிய ஊர் இது. “தமுக்கத்துலயே குடுக்குறாங்களே, நீங்க குடுக்க மாட்டீங்களாண்ணே?” என்று கேட்கும் வாசகரிடம் கழிவுக் கணக்கை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. கொடுத்துவிடுவதே மரியாதை.

தள்ளுபடி மேசைக்கான நூல்களைத் தேர்வதற்கு, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே அலமாரிகளை ஒருமுறை முழுதாகத் துழாவ வேண்டும். முதலில் எடுக்க வேண்டியவை பழைய விலைப் படிகள். காகித விலை ஏறும்போது பதிப்பகங்கள் அடுத்த பதிப்பில் விலையை உயர்த்துகின்றன; நம் அலமாரியில் நான்கைந்து ஆண்டுகளாக நிற்கும் படியிலோ பழைய விலையே அச்சாகியிருக்கும். அதன்மேல் புதிய விலை ஒட்டியை ஒட்டுவது நாணயத்துக்குப் புறம்பு. புதிய பதிப்பு 350 ரூபாயாக இருக்கையில் 220 ரூபாய்ப் படி நம்மிடம் இருந்தால், ஒரு பைசா குறைக்காமலே அது மலிவு. “பழைய விலை, பழைய பதிப்பு” என்று ஒரு அட்டையில் எழுதி வைத்தால் போதும், தேடி எடுப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். என் அனுபவத்தில் அந்த மேசையில் முதலில் காலியாவது இந்த அடுக்குதான். அடுத்தவை வெயிலில் வெளுத்த அட்டை, மடங்கிய முனை, சிறு கறை கொண்ட படிகள். இவற்றுக்கு 30 முதல் 40 சதவீதம் வரை குறைக்கலாம், ஆனால் குறையை மறைக்காமல் உள்ளட்டையில் பென்சிலால் குறித்துவிட வேண்டும். பேனாவும் ஒட்டியும் வேண்டாம்.

இன்னொரு வகை, மூன்று ஆண்டுகளாக யாரும் தொடாத நல்ல நூல்கள். இவற்றை வாங்கிய விலைக்கே கொடுத்தாலும் முடங்கிக் கிடந்த பணம் திரும்புகிறது. ஆனால் விற்ற பிறகு பணம் தருவதாகச் சொல்லி வாங்கி வைத்த சரக்கு எது, நாம் பணம் கட்டி வாங்கிய சரக்கு எது என்பதைப் பிரித்துக்கொள்ளாமல் விலையில் கைவைக்கக் கூடாது. முதல் வகை நம்முடையதே அல்ல; பதிப்பகத்திடம் கேட்காமல் அதற்குத் தள்ளுபடி அறிவித்தால் வித்தியாசத் தொகை நம் தலையில் விழும்.

மேசையில் என்ன இருக்க வேண்டும் என்பதை எழுத்தாளரையே கேட்பது நல்லது. கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பு தொலைபேசியில் பேசும்போது, தம் நூலோடு சேர்த்துப் படிக்கத் தக்கவை என்று அவர் எண்ணும் ஏழெட்டு நூல்களைச் சொல்லச் சொல்லி, அவற்றில் நம் கடையில் இருப்பவற்றை எடுத்து வைக்கலாம். பேச்சின் நடுவே அவர் அந்த நூல்களைக் குறிப்பிடும்போது கூட்டம் திரும்பிப் பார்க்கும் இடத்தில் மேசை இருந்தால், விற்பனைக்கு நாம் வாய் திறக்கவே வேண்டியதில்லை.

நாள் குறிப்பதில்தான் மதுரைக்காரர்களுக்குத் தனிப் பாடம் தேவைப்படுகிறது. ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள் என்பதால் அன்று கூட்டம் வைக்க ஆசை வரும். சித்திரைத் திருவிழா எப்போது வருகிறது என்று பஞ்சாங்கத்தைப் புரட்டாமல் அதற்கு இணங்கக் கூடாது. 2024-இல் அதே ஏப்ரல் 23 அன்றுதான் கள்ளழகர் வைகையில் இறங்கினார். நான் மாலைக் கூட்டத்துக்கு நாற்காலி சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பதினொரு பேர் வந்தார்கள், அவர்களில் நால்வர் நீர்மோர்ப் பந்தல் என்று நினைத்து நுழைந்தவர்கள். பொங்கலை ஒட்டிய நாட்களில் ஊர் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வாடிவாசல்களின் பக்கம் போய்விடும். ஐப்பசியில் மாலை மழை. ஆவணி, தை முகூர்த்த ஞாயிறுகளில் நம் வாசகர்கள் மண்டபங்களில் மொய் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

இவற்றையெல்லாம் கழித்தால் இரண்டு நல்ல காலங்கள் மிஞ்சுகின்றன. சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி வெளியான நூல்கள் சூடு ஆறாமல் இருக்கும் மாசி மாதம் ஒன்று. மற்றொன்று ஆடி: கல்யாணங்கள் இல்லாததால் ஞாயிறுகள் ஓய்வாக இருக்கும், நாற்காலி வாடகைக்குத் தட்டுப்பாடு இராது, துணிக்கடைகளின் புண்ணியத்தில் ஊரே தள்ளுபடி மனநிலையில் இருக்கும். தள்ளுபடி மேசையைப் பெரிதாக விரிக்க ஆடியையும், புதிய நூலை முன்னிறுத்த மாசியையும் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

எழுத்தாளர் சென்னையிலிருந்து வருபவரானால், இரவு ஒன்பது மணிக்கு மேல் புறப்படும் பாண்டியன் விரைவு ரயிலில் அவர் திரும்பும்படி நேரத்தை அமைக்கலாம். மாலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழே காலுக்குள் பேச்சை முடித்தால், கையெழுத்துக்கும் இட்லிக்கும் நேரம் இருக்கும். பயணச்சீட்டை நாமே எடுத்து அனுப்ப வேண்டும். சன்மானம் எவ்வளவு, அல்லது கொடுக்க இயலாது என்பதை அழைக்கும்போதே சொல்லிவிட வேண்டும். பொன்னாடைக்குச் செலவிடும் தொகையை உறையில் வைத்துக் கொடுத்தால் எந்த எழுத்தாளரும் வருந்துவதில்லை.

செய்தி பரப்புவதற்கு நாளிதழ்களின் “இன்றைய நிகழ்ச்சிகள்” பகுதிக்கு மூன்று நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். கல்லூரித் தமிழ்த் துறைகளுக்கும் நூலக வாசகர் வட்டங்களுக்கும் நேரில் போய் அழைப்பதற்கு வாட்ஸ்அப் செய்தி ஈடாகாது. புது நத்தம் சாலையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு நாள்தோறும் வரும் இளைஞர்களில் பலர் நம் கடையின் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அழைப்பிதழில் தள்ளுபடி எந்த நூல்களுக்கு என்பது தெளிவாக இருக்கட்டும். “தேர்ந்தெடுத்த நூல்களுக்கு” என்ற சொல் மட்டும் விடுபட்டால் அன்று மாலை முழுவதும் வாக்குவாதம்தான்.

கூட்டத்தில் தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை என்று ஆறு பேரை ஏற்றினால் ஏழாவதாகப் பேச வரும் எழுத்தாளர் காலி நாற்காலிகளைப் பார்த்துத்தான் பேசுவார். நூலைப் படித்திருக்கும் ஒருவர் ஐந்து நிமிடம் அறிமுகம் செய்ய, எழுத்தாளர் இருபத்தைந்து நிமிடம் பேச, மீதி நேரம் கேள்விகளுக்கு. கையெழுத்து மேசையைக் கடையின் உட்புறத்தில், தள்ளுபடி மேசையைக் கடந்துதான் போக முடியும் என்ற வகையில் போட வேண்டும். வரிசையில் நிற்கும் பத்து நிமிடத்தில் கைகள் சும்மா இருப்பதில்லை. வரிசையில் நிற்பவரிடம் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, பெயரை அவரே எழுதித் தரச் சொல்ல வேண்டும். ‘ன’வா ‘ண’வா, ‘ல’வா ‘ள’வா என்று எழுத்தாளர் தடுமாறி எழுதிய படியை வாங்கியவரும் விரும்புவதில்லை, நாமும் வேறு யாருக்கும் விற்க முடிவதில்லை.

பில் போடுபவர் தனியே ஒருவர் வேண்டும். அச்சு நூல்களுக்குச் சரக்கு சேவை வரி கிடையாது. ஆனால் அதே மேசையில் துணிப்பை, கோப்பை போன்றவற்றை வைத்தால் அவற்றுக்கு உண்டு என்பதால், இரண்டையும் தனித்தனியே பதிய வேண்டும்.

கூட்டம் கலைந்ததும் விற்காத படிகளை எண்ணி, ஒரு வாரத்துக்குள் பதிப்பகத்துக்குக் கணக்கும் பணமும் அனுப்பிவிட வேண்டும். அடுத்த முறை கடனுக்குச் சரக்கு கேட்கும்போது இதுவே நம் ஜாமீன். எழுத்தாளர் உற்சாகத்தில் எஞ்சிய படிகள் அனைத்திலும் கையெழுத்திட முன்வருவார், அதை அன்போடு தடுத்து நிறுத்த வேண்டும். கையெழுத்திட்ட படியைப் பதிப்பகம் திரும்ப எடுத்துக்கொள்ளாது. வர இயலாமல் போன வாசகர்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்து, அவர்களுக்கான படிகளிலும் அதற்கு மேல் ஐந்து படிகளிலும் மட்டும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, மற்றவற்றை அன்றிரவே பெட்டியில் கட்டிவிடலாம்.