முடியை வெட்டாமல் வேலை தேடுவது எப்படி?

"பழனிக்கு வேண்டுதலா தம்பி?"

தோளுக்குக் கீழே முடி வளர்த்த பையன் இன்டர்வியூவுக்குப் போனால் இந்தக் கேள்விக்குத் தயாராக இருக்க வேண்டும். என்னை மூன்று இடத்தில் கேட்டிருக்கிறார்கள். ஓரிடத்தில் வாய் தவறி ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். "எப்போ மொட்டை?" என்றார் அந்த ஹெச்.ஆர். மேடம். பொய் சொன்னால் கையில் ஒரு தேதியும் வைத்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

இப்போது சென்னை ஓ.எம்.ஆரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். முடி அப்படியே இருக்கிறது. முதல்முறை வேலை தேடும் தம்பிகளுக்காக நான் பட்டதை வரிசையாக எழுதுகிறேன். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு முடியின் நீளம் அவ்வளவு உறுத்தாது. அது முகத்தில் விழுவதும், நம் கை அதைத் தேடிக்கொண்டே போவதும்தான் உறுத்தும். கீழே உள்ளது பெரும்பாலும் அதைச் சரிக்கட்டும் வேலைதான்.

படி 1: எங்கே விண்ணப்பிக்கிறோம்?

போலீஸ், ராணுவம் என்றால் பேச்சே இல்லை, கிராப்புதான். விமானத்தில் கேபின் க்ரூ, ஸ்டார் ஹோட்டல் வரவேற்பு வேலைகளிலும் முடிக்கு விதி இருக்கும். போவதற்கு முன்பே போனில் கேட்டுவிடுங்கள். எடிட்டிங், அனிமேஷன், டிசைன் பக்கம் யாரும் தலையை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஐ.டி.யில் கோடிங், டெஸ்டிங்குக்குச் சிக்கல் குறைவு. கிளையன்ட் முன்னால் போய் உட்காரும் வேலை என்றால் மேனேஜரைப் பொறுத்தது.

வெட்டச் சொன்னால் வெட்டுவீர்களா என்பதையும் வீட்டிலேயே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். அங்கே போய் யோசித்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

(ஆண்பிள்ளை முடி வளர்ப்பது புது ஃபேஷன் என்று திட்டும் மாமாக்களுக்கு ஒரு தகவல்: கணிதமேதை ராமானுஜன் 1912-ல் மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் மாதம் 30 ரூபாய்க்கு கிளார்க்காகச் சேர்ந்தபோது அவர் தலையில் குடுமி இருந்தது. 1914-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறும் முன்தான் அதை எடுத்தார்கள். இதை இன்டர்வியூவில் சொல்லாதீர்கள். நான் சொன்னேன், ஒருவரும் சிரிக்கவில்லை.)

படி 2: போட்டோ

நௌக்ரி, லிங்க்ட்இன் மாதிரி வேலை தேடும் தளங்களில் காலேஜ் காலத்து கிராப்பு போட்டோவை வைத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். முடியைக் கட்டி, காது தெரிய, வெளிர் நிறச் சட்டையில் ஒன்று எடுத்துப் போடுங்கள். முடி பிடிக்காதவர்கள் கூப்பிடவே மாட்டார்கள். பஸ் காசு மிச்சம்.

படி 3: முந்தின நாள் ராத்திரி

தலைக்குக் குளிப்பதைக் காலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஈரத்தோடு கட்டினால் உள்ளே காயாது, மதியத்துக்குள் வாடை அடிக்கும். எங்கள் ஏரியா மாதிரி உப்புத் தண்ணீர் வரும் இடமென்றால் கடைசியாக இரண்டு சொம்பு கேன் தண்ணீர் ஊற்றுங்கள், சொரசொரப்பு குறையும். தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு போதும், அதுவும் நுனிக்கு மட்டும். நெற்றியில் வழிந்தால் காரியம் கெட்டது.

படி 4: கட்டுவது

இதில்தான் பையன்கள் கோட்டை விடுகிறோம். பெண்கள் பத்து வயதிலேயே கற்றுக்கொள்வது நமக்குத் தெரியாது. எனக்கு அக்காதான் சொல்லிக்கொடுத்தாள், தலையில் இரண்டு குட்டும் சேர்த்து.

அகலப் பல் சீப்பை எடுங்கள். உச்சியிலிருந்து இழுக்காமல் நுனியில் ஆரம்பித்து, சிக்கு எடுத்தபடி மேலே வாருங்கள். பிறகு மொத்த முடியையும் பின்கழுத்துக்குச் சற்று மேலே, காது மடலின் மட்டத்தில் சேர்த்துப் பிடியுங்கள். உச்சந்தலையில் கொண்டை போட்டால் ஜிம்முக்குப் போகிற ஆள் மாதிரி இருக்கும். கறுப்புத் துணி ரப்பர் பேண்டை இரண்டு சுற்று சுற்றுங்கள். மூன்றாவது சுற்றில் முடியை முழுக்க வெளியே இழுக்காமல் பாதியில் விட்டால் சின்னக் கொண்டை நிற்கும். நுனியை ரப்பருக்குள் செருகி ஒரு ஹேர் பின் குத்துங்கள். பணக்கட்டுக்குப் போடும் ரப்பர் வேண்டவே வேண்டாம், கழற்றும்போது கொத்தாகப் பிடுங்கிக்கொண்டு வரும்.

நெற்றியோரம் குட்டி முடிகள் எழுந்து நிற்கும். பழைய டூத் பிரஷ்ஷில் கடுகளவு ஜெல் தொட்டுத் தடவினால் படிந்துவிடும். தாடி இருந்தால் ஓரம் திருத்துங்கள். முடியும் தாடியும் சேர்ந்து காடாக இருந்தால் சாமியாரா என்பார்கள்.

கட்ட முடியாத அரைகுறை நீளம்தான் பெரிய தலைவலி. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால் அந்தக் கட்டத்தைத் தாண்ட மாதங்கள் ஆகும். அதுவரை ஜெல் போட்டுப் பின்னால் வாரிக்கொண்டு சமாளிக்க வேண்டியதுதான்.

படி 5: ஹெல்மெட்

பைக்கில் போனால் வீட்டிலேயே கொண்டை போட்டுப் பயனில்லை. மேலே கொண்டை இருந்தால் ஹெல்மெட் சரியாக உட்காராது, அது ஆபத்தும்கூட. தளர்வாக ஒரு பின்னல் போட்டுச் சட்டைக் காலருக்குள் விட்டுக்கொண்டு ஓட்டுங்கள். இருபது நிமிடம் முன்னால் போய், கீழ்த்தளப் பாத்ரூமில் கட்டிக்கொள்ளுங்கள். பையில் சீப்பு, இரண்டு ரப்பர் பேண்ட், கர்ச்சீப் இருக்கட்டும். ரப்பர் பேண்ட் ஏன் இரண்டு? கிண்டியில் ஒரு வாக்-இன் இன்டர்வியூ வரிசையில் நிற்கும்போது எனக்கு ஒன்று அறுந்தது. ஃபைலைக் கட்டியிருந்த நூலை அவிழ்த்து முடிந்துகொண்டு உள்ளே போனேன்.

படி 6: கை

ரூம்மேட்டை எதிரே உட்காரவைத்து, பத்து நிமிடம் கேள்வி கேட்கச் சொல்லி மொபைலில் வீடியோ எடுங்கள். என் வீடியோவில் காதோரம் 23 தடவை கை போயிருந்தது. அதுவும் முடியைக் கட்டியிருந்தபோது! அங்கே முடியே இல்லை, பழக்க தோஷம். ஒரு கையில் பேனா பிடித்துக்கொண்டு பழகியதும் பாதி நின்றது.

ஜூம் இன்டர்வியூவில் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள். பின்வெளிச்சத்தில் ஒவ்வொரு பறக்கும் முடியும் எதிரே இருப்பவருக்குத் தனித்தனியாகத் தெரியும்.

படி 7: அந்தக் கேள்வி

"முடி ஏன் வளர்க்கறீங்க?" என்றால், "பிடிக்கும் சார். ஆபீசுக்கு இப்படித்தான் கட்டிட்டு வருவேன்" என்று சொல்லி நிறுத்துங்கள். தன்னுரிமை, பாரம்பரியம் என்று நீட்டினால் மீதி நேரம் முழுக்க முடியிலேயே போய்விடும், உங்கள் ப்ராஜெக்ட்டை யாரும் கேட்க மாட்டார்கள். "வெட்டுவீங்களா?" என்றால் முதல் படியில் எடுத்த முடிவைச் சொல்லுங்கள். வெட்ட முடியாது என்று சொல்வதாக இருந்தால் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்: "இல்ல மேடம். நீட்டா இருக்கும், அதுக்கு நான் பொறுப்பு." இதே பதிலுக்கு ஓரிடத்தில் "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள், இன்னும் சொல்லி அனுப்பவில்லை. இப்போதைய வேலையும் இதே பதிலில் கிடைத்ததுதான்.

படி 8: சேரும் நாள்

ஐ.டி. கார்டுக்குப் போட்டோ எடுப்பார்கள். அன்றைக்கு ஆசையாக அவிழ்த்துவிடாதீர்கள். நான் விட்டேன். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணன் தினமும் கார்டையும் என் கொண்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அக்கா கார்டா தம்பி?" என்கிறார்.