ஜெலட்டின் தட்டில் ஒரு நொதிச் சோதனை

ஆட்டுக்கால் ஜவ்வு, தோல், எலும்பு எல்லாவற்றையும் உறுதியாகப் பிடித்து வைத்திருக்கும் புரதம் கொலாஜன். மூன்று இழைகள் முறுக்கிய முப்புரிக் கயிறு போன்றது. புரதத்தை வெட்டும் சாதாரண நொதிகள் (என்சைம்கள்) அதை எளிதில் வெட்டிவிடாது. நீரில் நெடுநேரம் வெந்தால் புரி பிரிந்து ஜெலட்டின் ஆகிவிடும். ஜெலட்டினை வெட்டப் பப்பாளிக்காயே போதும். வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

வேண்டியவை: சுவை சேர்க்காத ஜெலட்டின் தூள் 10 கிராம், பப்பாளிக்காய், அன்னாசி, பஞ்சு, தட்டையான ஒரு தட்டு. கடற்பாசி வாங்கிவிடாதீர்கள். அதுவும் உறையும், ஆனால் புரதமே இல்லை. இந்த நொதிகள் அதைத் தொடாது.

படி 1: தூளை 50 மில்லி குளிர்ந்த நீரில் தூவிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். 150 மில்லி சுடுநீர் ஊற்றிக் கரைத்து, தட்டில் ஊற்றி, ஃபிரிட்ஜில் நன்றாக உறையவிடுங்கள்.

படி 2: மேலே நான்கு இடங்களில் வையுங்கள்: பப்பாளிக்காய், பச்சை அன்னாசி, பத்து நிமிடம் வேகவைத்த அன்னாசி, தண்ணீரில் நனைத்த பஞ்சு. எல்லாம் ஒரே அளவு. பப்பாளியில் பால் வடியும் தோலோரத் துண்டை எடுங்கள், பப்பைன் நொதி அந்தப் பாலில்தான் இருக்கிறது. கையில் பட்டால் சிலருக்கு அரிக்கும், கழுவிவிடுங்கள். வெந்த துண்டு முழுக்க ஆறியிருக்க வேண்டும். இல்லையென்றால் சூட்டிலேயே ஜெலட்டின் உருகி நம்மை ஏமாற்றிவிடும்.

படி 3: தட்டை மூடித் திரும்ப ஃபிரிட்ஜில் வையுங்கள். நம் ஊர் வெயிலில் மேசைமேல் விட்டால், நொதியே இல்லாமல் எல்லாம் தண்ணீராகிவிடும். குளிரில் நொதி மெதுவாகத்தான் வேலை செய்யும் என்பதால் ஓர் இரவு விடுங்கள்.

படி 4: காலையில் துண்டுகளைத் தூக்கிப் பாருங்கள். பப்பாளிக்கும் பச்சை அன்னாசிக்கும் அடியில் நீர் கோத்த குழி இருக்கும். வெந்த அன்னாசியும் பஞ்சும் வெறும் தடம்தான் விட்டிருக்கும். கொதியில் அன்னாசியின் நொதி செத்துவிட்டது. குழியின் அகலத்தை ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சாப்பிட வேண்டாம்.

சரி, வேகாத கொலாஜனை யார் வெட்டுவது? தவளையாகும்போது தலைப்பிரட்டையின் வால் கரைந்துபோகிறதே, அதிலிருந்து விடை கிடைத்தது. 1962-இல் ஜெரோம் கிராஸ், சார்லஸ் லாபியேர் என்ற ஆய்வாளர்கள் உயிருள்ள வால் துண்டுகளைப் பிரியாத கொலாஜன் கூழின்மேல் வைத்தார்கள். துண்டைச் சுற்றிக் கூழ் கரைந்து தெளிந்தது. அந்த நொதிதான் கொலாஜனேஸ். மூன்று இழைகளையும் ஒரே இடத்தில் வெட்டி, முக்கால் பங்கு ஒன்று, கால் பங்கு ஒன்று என இரண்டாக்கும். உடல் சூட்டில் அந்தத் துண்டுகள் தாமாகவே புரி பிரிந்துவிடும்; மிச்சத்தை மற்ற நொதிகள் பார்த்துக்கொள்ளும்.

பப்பாளி தடவிய கறியில் ஜவ்வு மட்டும் விறைப்பாக நிற்பதும் இதனால்தான். அடுப்பில் சூடேறிப் புரி பிரிந்த பிறகுதான் பப்பைனுக்கு அங்கே நன்றாகப் பிடி கிடைக்கும்.