லார்ச் பொன்னாகும் இரண்டு வாரம்

செப்டம்பர் பாதி தாண்டினால் போதும், கனடாவின் கால்கரியில் எங்கள் வாட்சப் குழுவில் இரண்டே கேள்விகள்தான் ஓடும். லார்ச் மரம் மஞ்சளாகிவிட்டதா? பஸ் டிக்கெட் கிடைத்ததா? முதலாவதற்கு மலைதான் பதில் சொல்லவேண்டும். இரண்டாவதற்கு நான் சொல்கிறேன். பான்ஃப் தேசியப் பூங்காவில் இருக்கும் லார்ச் வேலி என்ற பள்ளத்தாக்குக்கு ஐந்து இலையுதிர்காலம் போய்வந்தாயிற்று. அதில் ஒரு முறை, கோவையிலிருந்து வந்திருந்த 63 வயது அம்மாவையும் கூட்டிக்கொண்டு.

லார்ச் ஊசியிலை மரம்தான். ஆனால் பக்கத்தில் நிற்கும் ஸ்ப்ரூஸ் வருடம் முழுக்கப் பச்சையாக இருக்க, இது மட்டும் தேக்கு மாதிரி இலையை உதிர்த்துவிடும். உதிர்வதற்கு முன்னால் இரண்டு வாரம் மஞ்சளாக நிற்கும். பெரும்பாலும் செப்டம்பர் மூன்றாவது வாரத்தில் தொடங்கி மாதக் கடைசிக்குள் உச்சம். அப்புறம் ஒரு நல்ல காற்று அடித்தால் முடிந்தது கதை. அக்டோபர் நன்றி நவிலல் நாள் விடுமுறைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் வெறும் குச்சியைத்தான் படம் எடுக்கவேண்டும்.

நடை தொடங்குவது மொரெய்ன் ஏரிக் கரையில். அங்கே சொந்தக் காரில் போக முடியாது; 2023 முதல் அந்தச் சாலையில் தனியார் வண்டிகளை விடுவதில்லை. இது தெரியாமல் தடை வந்த முதல் வருடம் கால்கரியிலிருந்து இரண்டு மணி நேரம் ஓட்டிப்போய், திருப்பத்திலேயே திரும்பி, லேக் லூயிஸ் கிராமத்து வண்டி நிறுத்தத்தில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுவிட்டு வந்தோம். தப்பு எங்களுடையதுதான்.

எனவே டிக்கெட் வாங்குவதிலேயே பாதி மலை ஏறியாகிவிடுகிறது. லேக் லூயிஸ் பனிச்சறுக்கு மையத்தின் பெரிய மைதானத்தில் வண்டியை விட்டுவிட்டு, பூங்கா நிர்வாகத்தின் பஸ்ஸில் ஏறவேண்டும். இருக்கைகளில் ஒரு பங்கை வசந்தகாலத்திலேயே திறந்துவிடுவார்கள். மிச்சம் பயண நாளுக்கு இரண்டு நாள் முன்பு காலை 8 மணிக்கு வரும். இது மலைப் பகுதி நேரம். டொரன்டோவிலிருந்து போடுகிறவர்களுக்குக் காலை 10 மணி. முன்பதிவு இணையதளத்தில் உங்கள் கணக்கை முந்தின நாளே தொடங்கி, அட்டை விவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 7:45-க்கே உள்ளே நுழைந்து உட்காருங்கள். செவ்வாய், புதன் கிழமைகளில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். மொரெய்ன் ஏரிக்குக் கிடைக்கவில்லை என்றால் லேக் லூயிஸ் ஏரிக்குப் போடுங்கள். இரண்டு ஏரிகளுக்கும் நடுவில் ஓடும் இணைப்புப் பஸ்ஸில் அதே டிக்கெட்டோடு ஏறலாம், ஆனால் வரிசையில் நிற்கவேண்டும். நான் இரண்டு முறை அப்படித்தான் போனேன். பூங்கா நுழைவுச் சீட்டு வேறு, பஸ் டிக்கெட் வேறு. மொரெய்ன் ஏரியில் போனுக்கு சிக்னல் கிடையாது. டிக்கெட்டைப் படமாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை ஏறும்போதே ஓட்டுநரிடம் கேட்டுவிடுங்கள்.

பையில் என்ன? காலையில் குளிர் பூஜ்யத்தைத் தொடும், மதியம் ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றும். ஒரே தடித்த கோட்டுக்குப் பதில் மெல்லிய உடைகள் மூன்று. ஜீன்ஸ் வேண்டாம், செப்டம்பரிலேயே பனி விழும், நனைந்த ஜீன்ஸோடு இறங்கிய நாளில் என் தொடை மரத்துப்போனது. தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர். ஊன்றுகோல் ஏறுவதற்கு வேண்டாம், இறங்கும்போது முட்டி வாழ்த்தும். ஃபிளாஸ்க்கில் டீ.

கரடி ஸ்ப்ரேயை, அதாவது கரடியை விரட்ட அடிக்கும் மிளகாய் ஸ்ப்ரேயைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். இது கிரிஸ்லி கரடியின் இடம். ஸ்ப்ரேயை வாங்கிப் பைக்கு அடியில், சப்பாத்திப் பொட்டலத்துக்குக் கீழே வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நானே ஒரு வருடம் அப்படி வைத்திருந்தேன். இடுப்புப் பட்டையில் கை எட்டும் இடத்தில் இருக்கவேண்டும். பாதுகாப்புக் கிளிப்பைக் கட்டைவிரலால் இழுத்து எடுக்க வீட்டிலேயே நான்கு முறை பழகவேண்டும். அழுத்திப் பார்க்காதீர்கள், வீடு முழுக்க மிளகாய் நெடி ஏறிவிடும். விமானத்தில் கொண்டுவர முடியாது, வெளியூரிலிருந்து வருபவர்கள் இங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். கரடியைக் கண்டால் குறைந்தது 100 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும். சில சமயங்களில் இந்தப் பாதையில் நான்கு பேருக்குக் குறையாமல் ஒட்டிச் செல்லவேண்டும் என்று சட்டப்படியே கட்டுப்பாடு போடுவார்கள். அம்மாவும் நானும் இரண்டு பேர்தான். தொடக்கப் பலகை அருகில் பத்து நிமிடம் நின்றோம். ஒரு ஜோடி வந்தது, சேர்ந்துகொண்டோம். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், கூச்சம் வேண்டாம். கரடிக்குக் கேட்கட்டும் என்று பையில் மணி கட்டிக்கொள்வதைவிடப் பேச்சுச் சத்தம்தான் மேல். அம்மா அன்று பெரியம்மா வீட்டுக் கல்யாணத்தில் நடந்த சண்டையை முழு சத்தத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். எந்தக் கரடியும் கிட்டே வரவில்லை.

சரி, பாதை. ஏரியின் நீலத்தில் மயங்கி அங்கேயே ஒரு மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள். 1969-இல் வந்த கனடிய 20 டாலர் நோட்டின் பின்புறம் இருப்பது இந்த ஏரிதான். பனியாறு அரைத்த கல்மாவு கலந்ததால் வந்த நிறம். திரும்பி வரும்போதும் அது அங்கேதான் இருக்கும். விடுதியைத் தாண்டிக் கரையோரம் கொஞ்சம் நடந்தால் வலப்பக்கம் பாதை பிரியும். முதல் இரண்டரை கிலோமீட்டர் காட்டுக்குள் கொண்டை ஊசி வளைவுகள். காட்சி எதுவும் இல்லை, மூச்சு மட்டும் வாங்கும். ஏரியே சுமார் 1,885 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சமவெளிக்காரர்களுக்கு இன்னும் கஷ்டம். "மருதமலைப் படியைவிடவா?" என்று தெம்பாகத் தொடங்கிய அம்மா மூன்றாவது வளைவில் பேச்சை நிறுத்தினார். கல்யாணச் சண்டை பாதியில் நின்றது. வளைவுக்கு வளைவு ஒரு நிமிடம் நின்று ஏறுங்கள், வெட்கமே இல்லை.

பாதை பிரியும் இடத்தில் ஐஃபெல் ஏரிக்குப் போகிற வழியை விட்டு வலப்பக்கம் திரும்புங்கள். சில நிமிடத்தில் காடு விலகி, மரமெல்லாம் மஞ்சளாகிவிடும். இங்கேதான் பெரும் கூட்டம் நிற்கும், படம் எடுக்கும், அப்படியே திரும்பிவிடும். இது பெரிய தப்பு. ஏறும்போது நமக்குப் பின்னால் இருக்கிறது பத்துச் சிகர வரிசை. 1890-களில் சாமுவேல் ஆலன் என்பவர் இவற்றுக்கு ஸ்டோனி நக்கோடா பழங்குடியினரின் மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களையே பெயராக வைத்தார். பிறகு பல சிகரங்களுக்கு ஆட்களின் பெயர் வந்துவிட்டது. நான்காவது டான்சா, ஒன்பதாவது நெப்டுவாக், பத்தாவது வெங்க்செம்னா மட்டும் எண்ணாகவே நிற்கின்றன. அந்த வரிசையை லார்ச்சுக்கு மேலே முழுசாகப் பார்க்கவேண்டும் என்றால் மரங்கள் முடியும் இடத்தில் உள்ள மின்னஸ்டிமா ஏரிகள் வரை போய், பிறகு திரும்பிப் பார்க்கவேண்டும். தொடக்கத்திலிருந்து 4.3 கிலோமீட்டர், 535 மீட்டர் ஏற்றம். அம்மாவுக்கு இரண்டரை மணி நேரம் ஆனது.

ஏரிகளுக்கு முன்னால் தாழ்ந்து தொங்கும் கிளை ஒன்றைக் கையில் பிடித்துப் பாருங்கள். பைன் குத்தும், இது குத்தாது. சின்னக் குமிழ் ஒன்றிலிருந்து கொத்தாகக் கிளம்பும் ஊசிகள், பூனை முடி மாதிரி மெத்தென்று இருக்கும். அம்மா உள்ளங்கையை நீட்டியதும் ஒரு கொத்து தானாகவே உதிர்ந்தது. "தொட்டதுக்கே விழுது, பாவம்" என்றார்.

மேலே தெரிவது சென்டினல் கணவாய், 2,611 மீட்டர். இன்னும் ஒன்றரை கிலோமீட்டர், கிட்டத்தட்ட 190 மீட்டர் ஏற்றம், சரளைக் கல் சரிவில். வலப்பக்கம் 3,543 மீட்டர் உயர டெம்பிள் மலை. தரை காய்ந்திருந்தால் போகலாம், அந்தப் பக்கத்துப் பாரடைஸ் பள்ளத்தாக்கு காலடியில் விரியும். ஆனால் பாதையில் பனி உறைந்திருந்தால், எத்தனை பேர் ஏறினாலும் நீங்கள் ஏறாதீர்கள். அந்தப் பக்கம் இறங்கவும் வேண்டாம், பஸ் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. அம்மாவோடு போன அன்று நான் கணவாய்க்குப் போகவில்லை. ஏரிக்கரைப் பாறையில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். தரை அணில் ஒன்று டப்பா மூடி வரை வந்தது. ஒரு பருக்கைகூடக் கொடுக்கக்கூடாது, கொடுத்தால் அபராதம். அம்மாவுக்கு இது கடைசிவரை புரியவில்லை. காக்காய்க்கு வைத்துவிட்டுச் சாப்பிடுகிற கை.

இறங்க ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் பஸ் வரிசை நீளமாக இருக்கும், வெயில் சாய்ந்ததும் குளிர் எலும்பைப் பிடிக்கும். அதனால் ஃபிளாஸ்க்கில் இரண்டு டம்ளர் டீயை அந்த வரிசைக்கென்று மிச்சம் வையுங்கள்.