மாட்டிலும் மானிலும் மனிதரிலும் ஒரே பாக்டீரியாத் திரிபா? மசினகுடிப் பகுதிக்கான ஆய்வு வழிகாட்டி

முதுமலைப் புலிகள் காப்பகத்தின் விளிம்பில் உள்ள மசினகுடி, மாவனல்லா, வாழைத்தோட்டம் ஆகிய ஊர்களில் மாடுகள் மேயும் நிலத்திலேயே புள்ளிமானும் காட்டுமாடும் யானையும் நடமாடுகின்றன. வீட்டு மாடு, காட்டு விலங்கு, மனிதர் ஆகிய மூன்று தரப்பினரிடையே பாக்டீரியாக்கள் பரவுகின்றனவா என்று அறிய விரும்பும் கால்நடை மருத்துவ மாணவர்களுக்கும் இளம் ஆய்வாளர்களுக்கும் ஈ.கோலையே நல்ல தொடக்கம். பாலூட்டிகளின் குடலில் பரவலாக வாழும் அதை எளிதில் வளர்க்கலாம். ஆனால் மாட்டிலும் மானிலும் ஈ.கோலை இருப்பதைக் காட்டினால் எதுவும் நிறுவப்படாது. ஒரே திரிபு, அதாவது அந்த இனத்துக்குள் நெருங்கிய உறவுடைய ஒரே உட்பிரிவு, இருக்கிறதா என்பதே கேள்வி.

முதலில் அனுமதிகளைப் பெற வேண்டும். காப்பகத்திற்குள் தரையில் கிடக்கும் யானை லத்தியை எடுப்பதற்கும் வனத்துறையின் ஆய்வு அனுமதி தேவை. மனிதரின் மல மாதிரிக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் தருபவரின் எழுத்துவழிச் சம்மதமும் வேண்டும். இறந்து கிடக்கும் விலங்கை எக்காரணம் கொண்டும் அறுத்துப் பார்க்கக் கூடாது: மூக்கு, வாய், ஆசனவாய் வழியே உறையாத இரத்தம் கசிந்திருந்தால் அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம், உடலைத் திறந்தால் காற்றுப்பட்டு உருவாகும் வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும்.

இந்த ஆய்வின் வெற்றி தோல்வி பெரும்பாலும் மாதிரி எடுக்கும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. விலை உயர்ந்த மரபணு வரிசையாக்கத்துக்குப் பணம் ஒதுக்கிவிட்டு, வெயிலில் காய்ந்த சாணத்தை அள்ளி வருவதில் பயனில்லை. விலங்கு சாணமிடுவதைக் கண்ணால் பார்த்த பின், மண்ணில் படாத நடுப்பகுதியிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுத்து, பாக்டீரியாவை உயிரோடு கொண்டுசெல்ல உதவும் கேரி-பிளேர் ஊடகத்தில் இட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து, ஒரு நாளுக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். காட்டுமாட்டின் சாணத்தையும் வீட்டு மாட்டின் சாணத்தையும் தோற்றத்தை மட்டும் வைத்துப் பிரிப்பது ஆபத்தானது. ஐயம் இருந்தால் சாணத்திலுள்ள விலங்கு டி.என்.ஏ.வைக் கொண்டு உறுதி செய்யலாம், இல்லையேல் அந்த மாதிரியை விட்டுவிடலாம். மூன்று தரப்பு மாதிரிகளும் ஒரே பருவத்தில், ஒரே நீர்நிலையைச் சுற்றி எடுக்கப்பட வேண்டும். கோடையில் குட்டைகள் வற்றி விலங்குகள் ஒரே தண்ணீரில் கூடும் காலமும் மழைக்காலமும் தனித்தனியே ஒப்பிடத் தக்கவை. இவற்றோடு, காட்டு விலங்குகளோடு தொடர்பே இல்லாத தொலைவிலுள்ள ஒரு மாட்டுக் கொட்டகையிலிருந்தும் மாதிரி எடுங்கள். அது இல்லாவிட்டால், நாட்டில் எங்கும் காணப்படும் ஒரு பொதுத் திரிபை மசினகுடியில் பரவியதாகக் கருதிவிடும் வாய்ப்பு உண்டு.

ஆய்வகத்தில் மெக்கான்கி அகார் என்னும் வளர்ப்பு ஊடகத்தில் 37 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு வளர்த்தால், லாக்டோசைச் சிதைக்கும் ஈ.கோலை இளஞ்சிவப்புக் காலனிகளாகத் தெரியும், இ.எம்.பி. அகாரில் அவை பச்சை உலோகப் பளபளப்பைக் காட்டும். இண்டோல் சோதனையாலோ புரதங்களைக் கொண்டு இனங்காணும் மால்டி-டாஃப் கருவியாலோ இனத்தை உறுதி செய்யலாம். ஒரு சாணத்தில் பல திரிபுகள் சேர்ந்து வாழ்வதால், ஒரேயொரு காலனியை எடுப்பது போதாது. குறைந்தது ஐந்து காலனிகளைத் தனித்தனியே தூய்மைப்படுத்தி, கிளிசரால் கலந்து மைனஸ் 80 டிகிரியில் சேமிக்க வேண்டும். செஃபோடாக்சிம் என்னும் ஆன்டிபயாடிக் மருந்து கலந்த தட்டில் மட்டும் வளர்த்தால் எதிர்ப்புத்திறன் உடையவை மட்டுமே கிடைக்கும் என்பதால், மருந்தில்லாத் தட்டும் இணையாக இருக்கட்டும்.

இனி திரிபைப் பிரிப்பது. 16எஸ் மரபணு இனத்தைச் சொல்லும், திரிபைச் சொல்லாது. ஏழு அடிப்படை மரபணுக்களை ஒப்பிடும் எம்.எல்.எஸ்.டி. முறை முதல் சல்லடை; அது ஒவ்வொரு வகைக்கும் ஓர் எஸ்.டி. எண் தரும். ஆனால் எஸ்.டி.10 போன்ற வகைகள் மனிதரிலும் கால்நடைகளிலும் உலகெங்கும் கிடைப்பதால், எண் ஒன்றாக இருப்பது உறவுக்குச் சான்றாகாது. உறுதியான விடைக்கு முழு மரபணுத்தொகுதி வரிசையாக்கம் வேண்டும். ஈ.கோலையின் தொகுதி சுமார் 50 இலட்சம் டி.என்.ஏ. எழுத்துகள் கொண்டது. ஓராண்டில் அதில் மாறும் எழுத்துகள் மிகச் சில. ஆகவே மாட்டிலும் மானிலும் கிடைத்த இரு காலனிகள் ஒருசில எழுத்துகளில் மட்டுமே வேறுபட்டால் அண்மைய தொடர்பு இருக்கலாம். பல நூறு எழுத்துகள் வேறுபட்டால், எம்.எல்.எஸ்.டி. எண் ஒன்றாக இருந்தாலும், அண்மைப் பரவல் என்று கூற இடமில்லை. எத்தனை வேறுபாடு வரை ஏற்பது என்பதை வேறொரு கட்டுரையிலிருந்து கடன் வாங்காமல், ஒரே விலங்கின் காலனிகளுக்குள் உள்ள வேறுபாட்டையும் தொலைதூரக் கொட்டகையின் வேறுபாட்டையும் அளந்து நீங்களே வரையறுப்பது நல்லது.

திரிபு ஒன்றாக இல்லாதபோதும் மருந்து எதிர்ப்பு மரபணு ஒன்றாக இருக்கலாம், ஏனெனில் சி.டி.எக்ஸ்-எம்-15 போன்ற மரபணுக்கள் பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் ஏறித் திரிபு விட்டுத் திரிபு தாவும். டி.என்.ஏ.வைச் சிறு துண்டுகளாகப் படிக்கும் குறுந்துண்டு வரிசையாக்கத்தில் பிளாஸ்மிடின் முழு உருவம் கிடைப்பது அரிது என்பதால், ஐயத்திற்குரிய சில காலனிகளுக்கு நெடுந்துண்டு வரிசையாக்கம் செய்து பிளாஸ்மிடுகளை நேரடியாக ஒப்பிட வேண்டும்.

எந்தத் திசையில் பரவியது என்பதற்கு எழுத்து வேறுபாடுகளின் எண்ணிக்கை மட்டும் விடை தராது. மனித மாதிரிகள் ஐம்பதும் மான் மாதிரிகள் ஐந்தும் இருந்தால், வம்சாவளி மரம் மனிதரிலிருந்தே எல்லாம் தொடங்கியதுபோல் காட்டக்கூடும். வெவ்வேறு காலங்களில், ஏறத்தாழ சம எண்ணிக்கையில் எடுத்த மாதிரிகள் இல்லாதவரை, அறிக்கையில் “பகிரப்பட்ட திரிபு” என்று மட்டும் எழுதுங்கள். “மாட்டிலிருந்து மானுக்கு” என்று எழுத வேண்டாம்.