உப்புக்காற்றில் ஓடும் அரசு வண்டி: பணிமனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐடிஐ முடித்து அரசுப் பணிமனைக்குள் வரும் பிள்ளைகள் முதலில் செய்யும் தவறு, ஹெல்பர் வேலையை எடுபிடி வேலை என்று நினைப்பது. வேறு ஊரில் எப்படியோ, ராமநாதபுரம் கடற்கரையில் வண்டியின் ஆயுள் அந்த வேலையில்தான் இருக்கிறது. தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை போய்த் திரும்பிய ஜீப்பின் அடிப்பாகத்தைத் தடவிப் பாருங்கள், விரலில் உப்பு பிசுபிசுக்கும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் அதோடு மணலும் சேரும். மேல்பாடியை மட்டும் பளபளவென்று துடைத்து அனுப்பினால் சேஸிஸ் என்னும் அடிச்சட்டமும் பிரேக் பைப்பும் வெளிப்பக்கமிருந்து அரித்துக்கொண்டே வரும். அடியில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, காயவிட்டு, கிரீஸ் ஏற்றுவது ஹெல்பரின் பொறுப்பு. கழுவும் தண்ணீரையும் பார்க்க வேண்டும். நம் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் கழுவாமலே விட்டிருக்கலாம்.

அடுத்தது ஓட்டுநர். காலையில் ஆயில், கூலன்ட், டயர் காற்று பார்ப்பதும், கண்ட குறையை லாக் புக்கில் எழுதுவதும் அவர் கடமை. ஆனால் பலர் டீ குடிக்கும்போது வாயால் சொல்வதோடு விட்டுவிடுகிறார்கள். நான் ஹெல்பராக இருந்த காலத்தில் ஒரு லாரி ஓட்டுநர், "தம்பி, பிரேக் கொஞ்சம் லேசா இருக்குப்பா, பார்க்கச் சொல்லு" என்றார். சரி என்றேன். அவரும் எழுதவில்லை, நானும் மெக்கானிக்கிடம் சொல்லவில்லை. மறுநாள் அந்த லாரி குறுக்கே வந்த ஆடுகளுக்கு ஒதுங்கி, நிற்காமல், கருவேலங்காட்டுக்குள் இறங்கியது. யாருக்கும் அடியில்லை. பிரேக்குக்கு வேண்டிய காற்றைச் சேர்த்து வைக்கும் ஏர் டேங்கின் வால்வைத் திறந்தபோது காற்றுக்கு முன்னால் தண்ணீர் கொட்டியது. தண்ணீர் அடைத்த இடம் போகத்தான் டேங்கில் காற்று இருக்கும், பிரேக்குக்கு மிஞ்சுவதும் அவ்வளவுதான். ஈரக்காற்று உள்ள இந்தக் கரையில் ஏர் பிரேக் வண்டியின் டேங்கைத் தினமும் வடிக்க வேண்டும். அதை யார் வடிப்பது என்று ஓட்டுநரும் ஹெல்பரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் ஷெட்டில் அது வடியாது.

மெக்கானிக் செய்யும் தவறு, எலெக்ட்ரீஷியன் வேலையை ஊகத்தில் முடிப்பது. ஹெட்லைட் மங்கினால் பல்பை மாற்றுவார், மறுபடியும் மங்கும். பார்த்தால் எர்த் வயர் பாடியில் சேரும் இடம் துருப்பிடித்திருக்கும். சுரண்டி முறுக்கினால் போதும்.

ஃபோர்மேன் விஷயத்தில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். வேலையைப் பிரித்துக் கொடுப்பது, ஸ்பேர் கேட்டு எழுதுவது, முடிந்த வண்டியை ஓட்டிப் பார்ப்பது எல்லாம் அவர் வேலை. ஆள் குறைவு என்று வண்டிக்கு அடியில் நின்று பார்க்கும் பள்ளத்துக்குள் இறங்காமலே, வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும் பழக்கம் வந்துவிட்டால், வேலை செய்தவரே தன் வேலைக்குச் சான்று கொடுத்த மாதிரி ஆகிவிடும். பிரேக், ஸ்டீயரிங் வேலைகளிலாவது இரண்டாவது ஆளின் கண் பட்டே ஆக வேண்டும்.

அதற்கு மேலே பொறியாளர். செலவு மதிப்பீடும், வண்டியைக் கழித்துவிடலாமா என்ற முடிவும் அவர் மேசைக்கு வரும். 15 ஆண்டு முடிந்த அரசு வாகனங்களுக்குப் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ள தேதியைப் பார்க்காமல் பதினாலாவது வருடத்தில் இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்தால் அது மக்கள் பணம் வீண்.

வேலை தேடுகிறவர்கள் குழம்பும் இடமும் ஒன்று உண்டு. மோட்டார் வாகன ஆய்வாளர் போக்குவரத்துத் துறையைச் சேர்ந்தவர். வண்டிக்குத் தகுதிச் சான்று, ஓட்டுநர் உரிமத் தேர்வு இவையெல்லாம் அவர் பணி, ஸ்பேனர் பிடிப்பது அல்ல. அரசு வண்டிகளைப் பழுது பார்ப்பது மோட்டார் வாகனப் பராமரிப்புத் துறை. ராமேஸ்வரம், பரமக்குடி பஸ் டிப்போக்கள் மூன்றாவது வகை. அவை அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டத்தில், காரைக்குடி மண்டலத்தில் வருகின்றன. மூன்றும் வேறு வேறு. ஐடிஐயா, டிப்ளமோவா, எந்தப் பிரிவு என்பதை ஆளெடுக்கும் அறிவிப்பில் வரிவரியாகப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.