குறுகலான கார் ஷெட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரை கிரவுண்டு (1,200 சதுர அடி) மனையில் வீடு கட்டுவோர் கூடம், சமையலறை, படுக்கையறை என எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதைக் காருக்கு விடுவதே சென்னைப் புறநகர்களில் வழக்கமாக இருக்கிறது. அப்படி அமையும் ஷெட் 9 அடி அகலமும் 17 அடி நீளமும் இருந்தாலே தாராளம் என்று கருதப்படுகிறது. அதற்குள் ஒரு கார், ஒரு ஸ்கூட்டர், பிள்ளைகளின் சைக்கிள், இன்வெர்ட்டர், மோட்டார் சுவிட்ச், வீடு கட்டியபோது மிஞ்சிய டைல்ஸ், பாதி தீர்ந்த பெயின்ட் டப்பாக்கள், என்றாவது விற்கலாம் என்று கட்டிவைத்த நாளிதழ்கள் ஆகிய எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன.

காரின் அளவைப் பார்த்து, அது உள்ளே நுழைந்துவிடும் என்பதோடு கணக்கை முடித்துக்கொள்வதுதான் மற்றத் தவறுகளுக்கெல்லாம் வேர். நிறுவனங்கள் தரும் அகலத்தில் பெரும்பாலும் பக்கக் கண்ணாடிகள் சேர்வதில்லை. கதவு திறப்பதற்கும் ஆள் இறங்குவதற்கும் வேண்டிய இடத்தை நாம்தான் கூட்டிக்கொள்ள வேண்டும். 2024ஆம் ஆண்டு மாருதி ஸ்விஃப்டின் அகலம் 1,735 மில்லிமீட்டர். 9 அடி என்பது 2,743 மில்லிமீட்டர். மீதமிருப்பது ஏறத்தாழ ஒரு மீட்டர். காரை நட்டநடுவே நிறுத்தினால் இருபுறமும் அரை மீட்டர் கிடைக்கும். எந்தப் பக்கமும் வசதியாக இறங்க முடியாது. இடப்பக்கச் சுவரிலிருந்து ஒரு சாண் மட்டும் விட்டு, அந்தப் பக்கத்துக் கண்ணாடியை மடக்கி நிறுத்தினால், ஓட்டுநரின் பக்கம் இரண்டரை அடிக்குச் சற்று மேல் கிடைக்கும். முழங்கால் வலியுள்ளவர்கூட அதில் நிதானமாக இறங்கலாம். மற்றவர்கள் கேட்டுக்கு வெளியிலேயே இறங்கிவிட வேண்டும் என்பது இந்த ஏற்பாட்டின் விலை. அது கொடுக்கத் தக்க விலைதான்.

இப்படி அரும்பாடுபட்டு மீட்ட அந்த இரண்டரை அடியில்தான் பலர் ஒரு அடி ஆழமுள்ள இரும்பு அலமாரியைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். எஞ்சுவது ஒன்றரை அடி. கதவு அலமாரியில் இடித்து பெயின்ட் உதிர்கிறது. பெரியவர்கள் உடலைத் திருகி இறங்குகிறார்கள். தரை சக்கரங்களுக்கும் கால்களுக்கும் மட்டுமே உரியது என்று ஒரு விதியை வைத்துக்கொள்வது நல்லது. பொருள்களுக்கான இடம் பானெட்டுக்கு எதிரே உள்ள சுவரும் அதன் மேலுள்ள பரணும்தான். அந்தப் பரணின் அடிப்பக்கம் 7 அடிக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் பானெட்டைத் தூக்கும்போது தட்டும் அல்லது குனிந்து நிமிர்பவரின் தலை இடிபடும். டிக்கி நிற்கும் பக்கத்தில் பரண் போடாமல் இருப்பதே மேல், ஏனெனில் ஹாட்ச்பேக் வண்டிகளின் பின்கதவு ஆள் உயரத்துக்கு எழும்பும்.

தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் கொண்ட இடத்தைக் கேட்கின்றன. வரைபட அனுமதிக்கு அது போதும். ஆனால் இருபுறமும் சுவர் எழும்பிய ஷெட்டில் 2.5 மீட்டர் என்பது ஏறக்குறைய 8 அடி 2 அங்குலமே. அதில் ஸ்விஃப்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இறங்கலாம், வேறெதையும் வைக்க முடியாது. வீடு இன்னும் கட்டி முடியாதவர்கள் பொறியாளரிடம் பூச்சுக்குப் பிந்தைய உள் அகலத்தைக் கேட்க வேண்டும், தூண் எவ்வளவு துருத்தும் என்றும் கேட்க வேண்டும். வாசல் கேட் உள்பக்கமாகத் திறந்தால் நீளத்தில் ஒரு பெரும்பகுதி அதற்கே போய்விடும் என்பதால், சுவரையொட்டி நகரும் கேட்டோ நான்காக மடியும் கேட்டோ வைப்பது நல்லது.

அடுத்தது வண்டிகள் நிற்கும் வரிசை. 17 அடி நீளத்தில் 3,860 மில்லிமீட்டர் ஸ்விஃப்டை நிறுத்திய பின் நாலடிக்கு மேல் மிஞ்சும். ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் அகலமுள்ள ஸ்கூட்டரை அதில் குறுக்கே நிறுத்திவிடலாம். சுமார் 4.3 மீட்டர் நீளமுள்ள ஹூண்டாய் கிரெட்டா போன்ற வண்டியென்றால் இரண்டேமுக்கால் அடிதான் மிஞ்சும். ஸ்கூட்டர் நின்றாலும் எடுப்பதற்கு வழி இருக்காது. நுழைந்துவிட்டது என்பதற்காக ஸ்கூட்டரைக் காருக்கு முன்னால் சுவரோரம் வைப்பது தவறு. காலையில் பால் வாங்கவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் எடுக்கும் வண்டி, வாரம் ஒருமுறை வெளியேறும் காருக்கும் சுவருக்கும் நடுவே சிறைப்பட்டால், சில நாள்களில் அது தெருவிலேயே நிற்கத் தொடங்கிவிடும். அடிக்கடி எடுக்கப்படும் வண்டி கேட்டுக்கு அருகில் நிற்க வேண்டும்.

தீயைப் பற்றிய அலட்சியத்தை மன்னிக்க முடியாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். சமையல் எரிவாயுவும் அப்படித்தான். ஆகவே ஷெட்டில் கேனில் பெட்ரோல் சேமிப்பதும், பெயின்ட் தின்னர் டப்பாவை மூடாமல் வைப்பதும், நிரப்பிய சிலிண்டரை அங்கே நிறுத்துவதும், அவற்றுக்கு அருகே தரைமட்டத்தில் இன்வெர்ட்டரை வைப்பதும் ஒன்றுசேர்ந்தால் ஒரு பொறி போதும். இன்வெர்ட்டரின் ஈய அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும். அது மேலே எழும் வாயு என்பதால் கூரையோரம் காற்றோட்டத் துளை அவசியம். மின் ஸ்கூட்டருக்குச் சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுக்காமல், எலக்ட்ரீஷியனை வைத்துத் தனி இணைப்பில் 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் போட்டுக்கொள்ள வேண்டும். ஷட்டரை இறக்கிவிட்டு எஞ்சினை ஓடவிடவே கூடாது: புகையில் கலந்துவரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

நாளிதழ்க் கட்டுகளும் அட்டைப்பெட்டிகளும் எலிகளுக்கு வீடாகும். அங்கிருந்து பானெட்டுக்குள் ஏறி ஒயரைக் கடிப்பது அவற்றுக்கு எளிது.

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் கண்ட பிறகும் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை போன்ற தாழ்வான பகுதிகளில் ஷெட் தரையில் பொருள்களைப் பரப்பி வைப்பவர்கள் இருப்பது வருத்தமாக இருக்கிறது. இன்வெர்ட்டர், மோட்டார் சுவிட்ச், பிளக் பாயின்ட் ஆகிய அனைத்தும் முன்பு தண்ணீர் நின்ற மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். நீர் புகுந்துவிடும் என்று பயந்து ஷெட்டின் தரையை உயர்த்துவோர், அதற்கேற்பச் சாய்தளத்தைத் தெருவில் நீட்டி மழைநீர் வடிகாலை மூடிவிடுகிறார்கள். அந்தத் தண்ணீர் அடுத்த வீட்டுக்குத்தான் போகும். சாய்தளத்தை மனைக்குள்ளேயே அமைக்க வேண்டும். அது செங்குத்தாக ஏறினால் காரின் அடிப்பாகம் உரசும் என்பதால், தரையை எவ்வளவு உயர்த்தலாம் என்பதைச் சாய்தளத்துக்குக் கிடைக்கும் நீளத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும். ஷெட்டுக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி இருந்தால், அதன் மூடி சக்கரம் ஏறாத இடத்தில், காரை நகர்த்தாமலேயே திறக்கும்படி அமைய வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் லாரி வரும்போதெல்லாம் கார்ச் சாவியைத் தேட வேண்டியிருக்கும்.